எத்தனை டிகிரியில் வைப்பது? தூத்துக்குடி வீடுகளும் நூறாண்டு வெப்ப ஆய்வும்

ஏசியை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்? கடைக்காரர் ஓர் எண் சொல்கிறார், மருத்துவர் வேறு எண் சொல்கிறார், மின்சிக்கன விளம்பரம் மற்றோர் எண் சொல்கிறது. ஒரே வீட்டில் கணவர் 20 கேட்கிறார், மனைவி 27 போதும் என்கிறார். வீட்டுத் தகராறாகத் தெரியும் இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு ஆண்டு கால அறிவியல் விவாதம் இருக்கிறது. 1923இல் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு குறியீட்டிலிருந்து 2025இல் இந்திய மத்திய அரசு அறிவித்த 20 முதல் 28 டிகிரி வரையிலான வரம்பு வரை விடைகள் பல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட உடலை, ஒரு குறிப்பிட்ட கட்டடத்தை, ஒரு குறிப்பிட்ட ஊரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. அவற்றைத் தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் வைத்துப் பார்க்கும்போது எது நிற்கிறது, எது தளர்கிறது என்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் ஊர், இரண்டு வெக்கை

தூத்துக்குடியின் கோடையை ஒரே பருவமாகக் கருதினால் விடை தவறிவிடும். வாடைக்காற்று ஓய்ந்து, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கும் வரையிலான மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும். முத்துக்குளிப்பு பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடந்தது. அலை அடங்கிய, நீர் தெளிந்த கடல் முங்குபவர்களுக்குத் தேவைப்பட்டது. (மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.) குளியாளிகளுக்கு வாய்ப்பான அந்தக் காற்றில்லாக் காலமே வீட்டுக்குள் இருப்பவர்களுக்குப் புழுக்கத்தின் காலம். வெப்பமானி 33, 34 என்று அடக்கமாகக் காட்டும். வியர்வை மட்டும் உலராது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை வேறு. தென்மேற்குப் பருவமழை மலைக்கு மேற்கே பொழிந்து தீர, மழைமறைவில் இருக்கும் இக்கரைக்கு வறண்ட கச்சான் காற்றே வந்து சேர்கிறது. வெப்பம் 37, 38 வரை ஏறும், காற்று பலமாக வீசும், புழுக்கம் குறையும். உப்பளங்களில் உப்பு விளைய இந்த உலர்காற்று பெரும் துணை. முதல் வெக்கையில் உடலின் பகை ஈரம், இரண்டாவதில் அனல். இரண்டுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும் என்பது முதல் ஐயம்.

ஆய்வுக்கூடம் தந்த விடை

இயந்திரக் குளிர்ச்சி மனித உடலுக்காகத் தொடங்கியதல்ல. வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக வடிவமைத்த அமைப்பு, ஈரத்தால் காகிதம் விரிந்து வண்ணங்கள் இடம் மாறுவதைத் தடுக்கவே உருவானது. மனிதச் சுகம் பின்னர்தான் ஆய்வுப் பொருளானது. 1923இல் ஹௌட்டனும் யாக்ளூவும் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம் மூன்றையும் சேர்த்து ‘செயல்வெப்பநிலை’ என்ற குறியீட்டை வகுத்தார்கள். வெப்பமானி காட்டும் எண் மட்டும் சுகத்தைச் சொல்லாது என்பதை அன்றே நிலைநாட்டியது அதன் சிறப்பு.

இந்த வழியின் உச்சம் டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கரின் 1970ஆம் ஆண்டு நூல். காற்றின் வெப்பம், சுற்றுச் சுவர்களின் வெப்பக் கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றின் வேகம், உடை, உடலின் உழைப்பு ஆகிய ஆறையும் ஒரே சமன்பாட்டில் அவர் இணைத்தார். உலகெங்கும் அலுவலகங்களைக் குளிர்விக்கும் தரநிர்ணயங்கள் இதிலிருந்து கிளைத்தன. இந்தியாவின் 2005ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதியும் குளிரூட்டப்பட்ட கட்டடங்களுக்குக் கோடையில் 23 முதல் 26, குளிர்காலத்தில் 21 முதல் 23 டிகிரி என்று சொன்னது. சிம்லாவுக்கும் தூத்துக்குடிக்கும் அதே எண்தான்.

இதன் குறை எங்கே என்பது அடுத்த தலைமுறை ஆய்வுகளில் தெளிவானது. ஃபாங்கரின் சமன்பாட்டுக்கு அடிப்படையான சோதனைகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் அமெரிக்க, டேனிஷ் மாணவர்கள். உடலின் வெப்ப உற்பத்திக்கு அளவுகோலாக அமைந்தது நடுவயது ஆண் உடல். அது பெண்களின் வெப்ப உற்பத்தியை மிகையாகக் கணக்கிடுகிறது என்று 2015இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கிங்மாவும் லிக்டன்பெல்ட்டும் காட்டினார்கள். கணவர் 20 கேட்பதும் மனைவி 27 கேட்பதும் பிடிவாதம் மட்டுமே அல்ல. உடலியலும் அதில் இருக்கலாம்.

பழகிய உடல் தந்த விடை

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, மக்கள் வாழும் அறைகளுக்கே போய்க் கேட்டவர்கள் வேறு விடையுடன் திரும்பினார்கள். 1970களில் ஃபெர்கஸ் நிக்கல் ரூர்க்கியிலும் பாக்தாத்திலும் திரட்டப்பட்ட தரவுகளை அலசினார். மைக்கேல் ஹம்ஃப்ரீஸ் பல நாட்டு ஆய்வுகளை ஒப்பிட்டார். வெளியே இருக்கும் வெப்பத்துக்கேற்ப மனிதர் சுகமாக உணரும் வெப்பமும் நகர்கிறது என்பது அவர்கள் கண்டது. 1998இல் ரிச்சர்ட் டி டியரும் கெய்ல் பிரேகரும் இதை முறையான மாதிரியாக்கினார்கள். ஜன்னலைத் திறக்கவும் ஃபேனைக் கூட்டவும் துணியை மாற்றவும் உரிமை உள்ளவர் கூடுதல் வெப்பத்தையும் ஏற்றுக்கொள்கிறார் என்பதே இதன் சாரம்.

இந்தியாவிலும் இந்த வழியில் உழைத்தவர்கள் உண்டு. ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனத்தில் எம்.ஆர்.சர்மாவும் ஷராஃபத் அலியும் 1986இல் வெளியிட்ட ‘வெப்பமண்டலக் கோடைக் குறியீடு’, இந்தியர்களுக்கு 25 முதல் 30 வரை சுகமான எல்லை என்றும் 27.5 மிகப் பொருத்தம் என்றும் சொன்னது. இது வெறும் காற்று வெப்பம் அல்ல. ஈரத்தையும் காற்றோட்டத்தையும் சேர்த்த கணக்கு. ஹைதராபாத் அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஆராய்ந்த மாதவி இந்திரகண்டி 2010இல் சுக எல்லையை ஏறத்தாழ 26 முதல் 32.5 டிகிரி வரை வைத்தார். நடுப்புள்ளி 29ஐ ஒட்டியது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகக் குழு ஐந்து ஊர்களின் அலுவலகங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டி, 2016இல் இந்தியாவுக்கான மாதிரியை வெளியிட்டது. ஈரமான வெப்பக் கரைக்கு அதில் பிரதிநிதி சென்னை. அந்த மாதிரிப்படி, வெளியே சராசரி 30 டிகிரி உள்ள மாதத்தில் ஜன்னல் திறந்த கட்டடத்தில் சுகமான வெப்பம் சுமார் 29. ஏசியும் ஜன்னலும் மாறி மாறிப் பயன்படும் கட்டடத்தில் சுமார் 26. அதே ஆண்டு தேசியக் கட்டட விதியும் இந்தச் சிந்தனைக்கு இடம் கொடுத்தது.

இந்த அணியின் வாதம் வலுவானது. ஆயினும் அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வாழ்பவர் 32 டிகிரியில் ‘பரவாயில்லை’ என்று பதில் சொன்னால், அது உடல் பழகியதன் அடையாளமா, வேறு வழியில்லாததன் அடையாளமா? வினாத்தாள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. வறுமையின் பொறுமையைச் சுகத்தின் அளவாக்கிவிடக் கூடாது. மறுபுறம், குளிரூட்டிய வகுப்பறையிலும் அலுவலகத்திலும் வளரும் தலைமுறைக்கு அந்தப் பழக்கமே நழுவி வருகிறது. பழக்கம் இரு திசையிலும் நகரும்.

அரசு சொன்ன எண்

மின்சாரக் கணக்கிலிருந்து தொடங்கும் விடை மூன்றாவது. 2005இல் ஜப்பான் ‘கூல் பிஸ்’ இயக்கத்தின் மூலம் அலுவலகங்களைக் கோடையில் 28 டிகிரியில் வைக்கச் சொன்னது; கோட்டும் டையும் கழற்றப்பட்டன. இந்தியாவில் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் 24 முதல் 26 வரை பரிந்துரைத்தது. 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை பெறும் ஏசிகள் 24 டிகிரியை இயல்பு அமைப்பாகக் கொண்டு வர வேண்டும் என்ற விதி வந்தது, வேண்டியவர் மாற்றிக்கொள்ளலாம். 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், ஏசிகளின் எல்லையை 20க்கும் 28க்கும் இடையில் நிறுத்தும் திட்டத்தை அறிவித்தார்.

ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. நாடு முழுவதற்குமான சராசரி மதிப்பீடாக இதை ஏற்கலாம். ஆனால் கடலோர வீட்டில் ஏசியின் உழைப்பில் பெரும்பங்கு ஈரத்தை நீராக்கி வெளியேற்றுவதற்கே போகிறது. கதவிடுக்கிலும் ஜன்னல் சந்திலும் புகும் ஈரக்காற்று அந்தச் சுமையைத் தொடர்ந்து கூட்டுகிறது. ஆகவே மிச்சம் வீட்டுக்கு வீடு மாறும்.

தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்குப் பருவம் சார்ந்த வலு இருக்கிறது. மாநிலத்தின் மின்தேவை 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. காற்றாலைகள் முழுவீச்சில் சுழலும் பருவம் அதற்குப் பின்தான் வருகிறது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் அமைந்ததையும் கச்சான் காற்றின் பலத்தையும் அறிந்தவர்களுக்கு இது புரியும். காற்றில்லாத ஏப்ரல் புழுக்கத்தில் ஊர் தேடும் குளிர்ச்சியின் பாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி மீதே விழுகிறது. வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையம் அதே ஊரில், 1979 முதல் இயங்குகிறது. சிக்கனத்தின் பயன் ஆண்டு முழுவதும் சமமாக இல்லை. புழுக்க மாதங்களின் இரவில்தான் அது மிகுதி.

வீட்டுக் கணக்கில் இதைவிடக் கூர்மையான எல்லை ஒன்று உண்டு. இரண்டு மாத மின்பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், குறைந்த பிரிவுகளுக்கான சலுகை விலையிலும் ஒரு பகுதி கைநழுவும். பல நடுத்தரக் குடும்பங்களில் ஏசியின் எண்ணையும் அது ஓடும் நேரத்தையும் தீர்மானிப்பதில் அரசின் பரிந்துரையைவிட இந்த 500க்குப் பங்கு அதிகம் இருக்கக்கூடும்.

ரிமோட் காட்டாத மூன்று

மேற்கண்ட மூன்று விடைகளும் எண்ணைச் சுற்றியே வாதிடுகின்றன. கடலோர வீட்டில் அந்த எண்ணின் பொருளையே மாற்றும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது ஈரம். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசி மாட்டினால், அது விரைவில் 24ஐத் தொட்டு கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஈரம் இறங்க நேரம் போதாது. குளிரும் கசகசப்பும் சேர்ந்த அறை அப்படித்தான் உருவாகிறது. அதைச் சரிசெய்ய எண்ணை மேலும் குறைப்பவர் குளிரைக் கூட்டுகிறார், குறையை நீக்குவதில்லை. மறுபக்கம், 28இல் வைத்து கம்ப்ரசர் பெரும்பாலும் ஓய்ந்திருந்தால், ஈரம் தங்கிச் சுவரிலும் துணியிலும் பூஞ்சை படர வழியுண்டு. அளவான ஏசி, இடுக்குகளை அடைத்த அறை, புழுக்க நாளில் ‘டிரை’ அமைப்பு ஆகியவை இங்கே எண்ணைவிட முக்கியமாகலாம்.

இரண்டாவது காற்றோட்டம். சிங்கப்பூரில் வெப்பமண்டலத்துக்குப் பழகியவர்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், கையருகே கட்டுப்பாடுள்ள ஃபேனுடன் 26 டிகிரி அறை, ஃபேன் இல்லாத 23 டிகிரி அறைக்குச் சுகத்தில் குறைந்ததாக இல்லை. மின்செலவில் ஃபேன் ஏசிக்குப் பக்கத்திலேயே வராது. ஏசி போட்டதும் ஃபேனை நிறுத்தும் பழக்கம் இந்தக் கண்ணோட்டத்தில் இழப்பு. கச்சான் காலத்து அனலில் ஃபேன் எவ்வளவு உதவும் என்பது தனிக் கேள்வி. தோலின் வெப்பமான 35ஐத் தாண்டினால் ஃபேன் கெடுதல் என்று முன்பு எச்சரித்தார்கள். 2021இல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வு அந்த எல்லையை உயர்த்தியது: ஆரோக்கியமான இளையோருக்கு 39, முதியோருக்கு 38, வியர்வையைக் குறைக்கும் சில மருந்துகள் உட்கொள்ளும் முதியோருக்கு 37.

மூன்றாவது கூரை. காற்று 24 டிகிரியாக இருந்தும் சுவரும் கூரையும் சராசரியாக 32இல் கனன்றால், உடல் உணர்வது ஏறக்குறைய 28. பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடிக் கான்கிரீட் இரவு வரை வெக்கையைக் கீழே இறக்குகிறது. மேல்மாடிக்காரர் 20 கேட்பதற்கும் தரைத்தளத்தார் 26இல் நிறைவடைவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம்.

பழைய கட்டடக்கலை இதற்கு விடை வைத்திருந்தது. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி கொட்டி இடித்து, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ், முற்றம், உயரக் கூரை, பனை ஓலை வேய்ந்த வீடு. ஆனால் பழமைக்கு அப்படியே திரும்பிவிடலாம் என்பது எளிய முடிவு. இக்கரையின் சுண்ணாம்புக்காக மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் நெடுங்காலம் வெட்டப்பட்டன. வான் தீவு தேய்ந்ததற்கும் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லித் தீவுகள் நீரில் மூழ்கியதற்கும் அந்த அகழ்வு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இன்று எடுத்துக்கொள்ளத்தக்கது பழைய பொருளைவிடப் பழைய தத்துவம்: வெயிலைக் கூரைக்கு மேலேயே நிறுத்துவது. வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ பதித்த கூரைகள் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறைக்கலாம் என்று இந்திய நகர்களின் அனுபவங்கள் சொல்கின்றன. உப்புக்காற்றிலும் தூசியிலும் அந்த வெண்மை எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதைப் பொறுத்தே இங்கே அதன் பயன் அமையும்.

மார்கழிப் பக்கம்

குளிர்கால அமைப்பு என்ற கேள்வி தூத்துக்குடியில் ஏறக்குறைய இல்லை. ஜனவரி அதிகாலையிலும் வெப்பம் பொதுவாக 20க்கு மேலேயே நிற்கும். ஆனாலும் அந்த வாடையில் கம்பளி தேடும் அதே ஊரில் மே மாதம் ஏசி 18இல் ஓடுகிறது. உடலின் எதிர்பார்ப்பு பருவத்தோடு மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டொராண்டோவிலும் லண்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதே கேள்வி தலைகீழாக வருகிறது. அங்கே எண் சட்டமாகவும் மருத்துவ அறிவுரையாகவும் இருக்கிறது. டொராண்டோ வீட்டு உரிமையாளர் குளிர்மாதங்களில் குறைந்தது 21 டிகிரி காக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் குளிர்நாட்டு வீடுகளுக்கு 18ஐக் குறைந்தபட்சமாக வைத்தது. ஆனால் அதே அறிக்கை, வீட்டுக்குள் அதிகபட்ச வெப்பம் எவ்வளவு என்பதற்கு எண் சொல்லவில்லை; பாதுகாப்பு வழிகளை வகுக்குமாறு மட்டுமே கேட்டுக்கொண்டது. குளிருக்குத் தளம் உண்டு, வெப்பத்துக்குக் கூரை இல்லை. 2021 வெப்ப அலையில் 619 உயிர்களை, பெரும்பாலும் வீடுகளுக்குள்ளேயே, இழந்த கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் பின்னர் தன் கட்டட விதியில், புதிய வீடுகளில் ஓர் அறையாவது 26ஐத் தாண்டாதபடி அமைய வேண்டும் என்று சேர்த்தது. குளிர்நாட்டில் பிறந்த இந்த விதி, வெப்பநாட்டின் மௌனத்தைக் கேள்வி கேட்கிறது.

யாருடைய சுகம்?

இதுவரை பேசிய விடைகள் ஆரோக்கியமான, விழித்திருக்கும் பெரியவரை மையமாகக் கொண்டவை. முதியோருக்கு வியர்க்கும் திறனும் வெப்பத்தை உணரும் கூர்மையும் குறைகின்றன. ‘எனக்குச் சூடு தெரியவில்லை’ என்று தாத்தா சொல்வதைப் பாதுகாப்பின் சான்றாக எடுக்க முடியாது. பாஸ்டனில் முதியோரிடம் நடத்திய ஆய்வு 20 முதல் 25 வரையிலான அறையில் தூக்கம் சிறந்தது என்றது. குளிர்நாட்டு உடல்களின் கணக்கை, கோடை இரவிலேயே 27 நிலவும் கரைக்கு அப்படியே கொண்டுவர இயலாது, புறக்கணிக்கவும் இயலாது.

இன்னொரு பக்கம், ரிமோட்டே இல்லாத பெரும்பான்மை இருக்கிறது. உப்பளத் தொழிலாளர்கள் விடியுமுன்பே வேலையைத் தொடங்கி வெயிலைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களின் வெப்ப அழுத்தத்தையும் சிறுநீரக நலனையும் ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்து எச்சரித்துள்ளார்கள். பகலில் வெந்த உடல் இரவில் ஆறுவதற்குக் குளிர்ந்த வீடு வேண்டும். அவர்கள் திரும்புவதோ தகரக் கூரைக்கு. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பேரிடர் என்று ஏற்றபின், இரவில் வீட்டுக்குள் தங்கும் வெப்பத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதே நியாயமான அடுத்த படி.

மதிப்பீடு

மூன்று மரபுகளும் ஓரளவு ஒன்றுசேரும் இடம் உண்டு. ஃபேன் சுழலும், ஈரம் அடங்கிய அறையில் 26ஐ ஒட்டிய அமைப்பு, ஆரோக்கியமான பெரியவர்களுக்குத் தூத்துக்குடியில் நல்ல தொடக்கப் புள்ளி என்று இன்றைய சான்றுகளைக் கொண்டு சொல்லலாம். புழுக்க மாதங்களில் ஈரத்தை முதலில் கவனிப்பதும், கச்சான் மாதங்களில் மாலைக்குப்பின் ஜன்னலைத் திறந்து ஏசியின் நேரத்தைக் குறைப்பதும் பொருத்தமாகத் தோன்றுகின்றன. முதியோர், கைக்குழந்தை, நோயாளி இருக்கும் அறைக்கு இந்த எண்ணைக் கட்டாயமாக்கக் கூடாது. அங்கே ஓரிரு டிகிரி குறைப்பது ஊதாரித்தனம் ஆகாது. 24 என்ற இயல்பு அமைப்பு பயனுள்ள நினைவூட்டல். அதைவிடக் கடுமையான வரம்பு, கூரை சரியில்லாத வீட்டாரையே அதிகம் தண்டிக்கக்கூடும்.

திறந்திருக்கும் கேள்விகள் மூன்று. சென்னையைக் கொண்டு வகுத்த அளவுகள், மழைமறைவில் இருக்கும் தென்கோடிக் கரைக்கு எவ்வளவு பொருந்தும்? உறக்கத்தில் இருக்கும் வெப்பநாட்டு உடலுக்கு, குறிப்பாக முதுமையில், பாதுகாப்பான மேல்வரம்பு எது? பழக்கத்தையும் கையறுநிலையையும் பிரித்தறியும் ஆய்வுமுறை எது? கடைசிக் கேள்விக்கு விடை வராத வரை, ஏசி வைத்திருப்பவர் எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்று வரையறுக்கும் அரசு, ஏசி இல்லாதவர் வீடு எத்தனை டிகிரியைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.